நாகலெட்சுமி அத்தையின் காயாத துணிகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில் யாருக்காவது பட்டப்பெயர் இருக்கிறது என்றால், அதை வைத்தவர் அநேகமாக நாகலெட்சுமி அத்தையாகத்தான் இருப்பார். கொழுந்து நிறுக்கிற கணக்குப்பிள்ளைக்குக் 'கழிவு' என்று பெயர் வைத்தது அவர்தான். எவ்வளவு கொண்டுபோய்க் கொட்டினாலும் கூடைக்கு, ஈரத்துக்கு, தண்டுக்கு என்று எதையாவது கழித்துவிட்டுத்தான் எழுதுவாராம். தோட்டத் தலைவர் சின்னராசாவுக்கு 'மைக்செட்டு'. பெயர் வைத்து முடித்ததும் அத்தை சிரிப்பார். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மலைகளில் பனி இறங்கிவிட்டால் முன்னால் நிற்கிற ஆள் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்புச் சத்தத்தை வைத்து, நாகலெட்சுமி அத்தை எந்த மலையில் கொழுந்து எடுக்கிறார் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சிரிப்பதையும் நிறுத்திவிட்டார்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பல கட்சிகள் உண்டாயின. புருஷன் அழகுமுத்து மாமாவோடு சண்டை என்றது ஒரு கட்சி. அதில் உண்மை இருக்க முடியாது. சண்டை என்றால் மாமா ஒரு வார்த்தையாவது திருப்பிப் பேச வேண்டும். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றது இன்னொரு கட்சி. பல்செட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறார், அது வரும்வரை வாயைத் திறக்க மாட்டார் என்றும் சிலர் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். சிரித்தால் நனைந்தது. இருமினால் நனைந்தது. தும்மல் வந்தால் கேட்கவே வேண்டாம். நாலு பிள்ளை பெற்ற உடம்பு. காலமெல்லாம் ஈரக் கூடையை முதுகில் சுமந்து சரிவில் ஏறி இறங்கிய உடம்பு. மலையில் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து மாலைவரை அடக்கி அடக்கிப் பழகிய உடம்பும்கூட. அடிவயிற்றுக்குக் கீழே தாங்குகிற தசை தளர்ந்துவிட்டது, அதற்கென்று பயிற்சி இருக்கிறது, செய்தால் மெதுவாகக் குறையும், அதுவரை உள்ளே ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, நான் அத்தைக்கு அடுத்த காம்பரா வீட்டுக்காரன் என்பதாலும், தினமும் ஹட்டனுக்கு பஸ்ஸில் போய்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதாலும்தான். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான். பேராதனை, புவியியல். இதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லைதான். எழுதாமல் விட்டால் என் அம்மா இதைப் படித்துவிட்டு, "அத எங்கடா காணோம்?" என்று கேட்பார்.

அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

"எழுது மருமகனே. பாதிப் பொம்பளைங்களுக்கு இருக்குற சங்கதிதானே. ஆனா என்னையப் பாவமா மட்டும் எழுதிப்புடாத."

முதலில் ஹட்டன் பார்மசியில் பெரியவர்கள் கட்டுகிற டயப்பர் ஒரு பாக்கெட் வாங்கி, கறுப்புப் பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். கட்டுவதற்கு நன்றாகத்தான் இருந்தது. கழற்றியதை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. லயத்துக்குக் குப்பை வண்டி வராது. பின்னால் குழி வெட்டி எரிப்போம். எங்கள் மழைக்குக் காய்ந்த விறகே எரியாது, இது எங்கே எரியப்போகிறது. மாமா ஆழமாகத்தான் புதைத்தார். லயத்து நாய் டொமி அதைவிட ஆழமாகத் தோண்டியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வாசலில் பெண்கள் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொமி வாயில் வெள்ளையாக ஒன்றைக் கவ்விக்கொண்டு நடுவாசலுக்கு வந்து, தலையை இரண்டு பக்கமும் உதறியது. உள்ளேயிருந்து கண்ணாடி உருண்டைகள் போல ஏதோ சிதறியது.

"இதென்னாடி இது, வெந்த சவ்வரிசி மாதிரி?" என்றார் ஒருவர்.

இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், நின்ற அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் குரல் ஆடவில்லை.

"ஸ்டோர்ல இருந்து தூக்கிட்டு வந்திருக்கு நாயி. தேத்தூளுக்கு ஈரம் புடிக்காம இருக்க, பொட்டிக்குள்ள போடுற சாமான். என்னாங்க, அதானே?"

மாமா தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், அடுப்படி வேலைக்காரர். கொழுந்தை உலர்த்திக் காய்ச்சுகிற இயந்திரத்துக்குச் சூடு கொடுக்கிற பெரிய அடுப்பு அவர் பொறுப்பு. அவர் தலையை ஆட்டினார். ஸ்டோர்க்காரர் தலையாட்டினால் அதற்குமேல் யார் கேட்பார்கள். ஒரு கிழவி மட்டும், தன் அரிசிப் பானைக்குள் போட ஒரு பிடி கிடைக்குமா என்று கேட்டாள்.

அன்றோடு கடைச் சாமான் நின்றது. அத்தை தாமே தைக்க உட்கார்ந்தார்.

உள்ளே மாமா கட்டிக் கிழித்த பழைய சாரத்துணி நாலு மடிப்பு, நடுவில் துவாய், உடம்பில் படுகிற பக்கம் மெத்தென்ற பிளனல். நடுவில் ஒடுங்கி, முன்னும் பின்னும் விரிந்து, பார்க்க உடுக்கை மாதிரி இருக்கும். இடுப்பில் பூட்ட அமுக்குப் பொத்தான். வெளிப்பக்கத்துக்கு என்ன போடுவது என்று யோசித்துவிட்டு, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்துக் கத்தரித்தார். தேயிலைச் செடியின் ஈரம் சேலையில் ஏறாமல் காக்கிற தார்ப்பாய்த் துண்டு அது.

"அன்னைக்கு மழைய உள்ள விடாம காத்துச்சு," என்றார் என்னிடம். "இன்னைக்கு மழைய வெளிய விடாம காக்குது. படங்குக்கு வேல மாறல, பக்கந்தான் மாறியிருக்கு."

தைப்பது இலேசு. துவைப்பதுதான் கலை. மலைத் தண்ணீர் விழுகிற பீலியில், எல்லாரும் துவைக்கிற இடத்தில் இதைப் போட முடியாது. வீட்டுக்குப் பின்னால் பேசினில் தண்ணீர் பிடித்து வைத்து, முதலில் பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் அலசுவார். எடுத்த எடுப்பிலேயே சுடுதண்ணீர் ஊற்றினால் வாடை துணியிலேயே குடியேறிவிடும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். பிறகு கொஞ்சமாகச் சவுக்காரத்தூள். பிறகு நுரை சுத்தமாகப் போகும்வரை அலசல்.

அப்படியும் பயம். யாருக்காவது வாடை தெரிந்துவிடுமோ என்று, துணிக்கு வாசம் போடுகிற திரவத்தைக் கடைசித் தண்ணீரில் தாராளமாக ஊற்றினார். துணி மல்லிகைத் தோட்டமாக மணத்தது. ஆனால் கட்டிய அன்று, சேம்பிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி எல்லாம் உருண்டு ஓடிவிட்டது. என்னிடம் வந்தார். நான் போனில் தேடிப் படித்துவிட்டுச் சொன்னேன்: "அத்த, அந்தத் திரவம் துணி மேல மெழுகு மாதிரி படிஞ்சிடுமாம். அப்புறம் துணி ஈரத்த உறிஞ்சாதாம். இனிமே ஊத்தாதீங்க. வாடைக்குக் கொஞ்சம் வினாகிரி போதுமாம்."

"இதத்தான் பேராதனையில சொல்லிக் குடுத்தாங்களா?"

"நான் படிச்சது புவியியல் அத்த."

"அப்பச் சொல்லு. எப்ப வெயில் வரும்?"

நான் வானத்தைப் பார்த்தேன். ஆடி மாதம். அந்தப் பக்கத்து ஆடியில் சூரியன் சம்பள நாளில் வருகிற கடன்காரனைப் பார்த்த ஆள் மாதிரி ஒளிந்துகொள்வான். மெல்லிய சேலையே காய நாளெடுக்கும்போது, ஏழெட்டு மடிப்புத் துணி எப்போது காய்வது. அதுவும் வெளியே போட முடியாது. எங்கள் லயத்தில் துணிக்கொடி என்பது தினசரிப் பத்திரிகை. யார் வீட்டில் புதுச் சேலை, யார் வீட்டுக்கு விருந்தாள், யாருக்கு மூன்றாவது மாதம், எல்லாம் கொடியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அதில் உடுக்கை வடிவத்தில் ஒன்று தொங்கினால் தலைப்புச் செய்தி.

அதனால் அடுப்புக்கு மேலே, கருவாடு தொங்குகிற கயிற்றிலேயே அத்தை துணியையும் தொங்கவிட்டார். துணி காய்ந்தது. அன்று கோயிலுக்குப் போன அத்தையின் பின்னாலேயே அடுத்த லயத்துப் பூனை கோயில் வாசல்வரை வந்தது.

இந்த நேரத்தில்தான் மாரியம்மன் திருவிழா நெருங்கியது. கரகம் பாலித்து, அதாவது சோடித்துப் பூசை செய்து, எடுத்து வருவது ஒரு நாள், காவடியும் தேரும் ஒரு நாள், கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற அந்த நாளுக்கு நாகலெட்சுமி அத்தைதான் படைத்தளபதி. கொழுந்தன்மார் எந்தக் கூரைக்கு அடியில் ஒளிந்தாலும் தேடிப் பிடித்து நனைப்பார். போன வருடம் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தார். திருவிழா நடந்தது, ஆனால் தண்ணீர் ஊற்றிய மாதிரியே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

இந்த வருடம் போக வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் துடிப்பு. காவடி நாள் முழுக்க வெளியே நிற்க வேண்டும், நடுவில் இரண்டு தரமாவது மாற்ற வேண்டும். மாமாவிடம் கறாராகச் சொன்னார்.

"காஞ்ச துணி கையில இருந்தா வாரேன். இல்லாட்டி எனக்கு முழங்கால் வலிதான். சொல்லிப்புட்டேன்."

மாமா மறுநாள் சாப்பாட்டுப் பையில் ரொட்டிக்கு அடியில் ஈரத்துணிகளை வைத்து ஸ்டோருக்குக் கொண்டுபோனார்.

யோசனை நல்ல யோசனைதான். நாடே நனைந்து கிடந்தாலும் ஸ்டோர் அடுப்படி மட்டும் சித்திரை மாதமாக இருக்கும். ஆனால் மாமா பிறவி ஸ்டோர்க்காரர். அவருக்குக் காய வைப்பது என்றால் கொழுந்து காய்ச்சுகிற மாதிரிதான் தெரியும். முதலில் கொழுந்தை வாட்டுகிற மாதிரித் தள்ளி விரித்தார். பிறகு கையில் எடுத்து முகர்ந்து, பதம் பார்த்து, சூட்டுக்குக் கிட்டே நகர்த்தினார். கடைசிச் சூடு நன்றாக ஏற வேண்டும் என்பது தொழில் விதி. ஏற்றினார்.

மாலையில் அவர் கொண்டுவந்து கொடுத்ததை அத்தை விரித்துப் பார்த்தார். துணி நன்றாகக் காய்ந்திருந்தது. படங்குதான் பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டு, ஒரு பக்கம் உருகி ஒட்டியிருந்தது.

"இது என்னாங்க இது?"

"பதம் பாத்துத்தான் எடுத்தேன்."

"தேத்தூளுக்குப் பாக்குற பதத்த இதுக்குப் பாத்தா? இத இனி இடுப்புல கட்டுறதா, கொதிதண்ணியில போட்டுச் சாயம் எறக்கிக் குடிக்கிறதா?"

மாமா நிலத்தைப் பார்த்தார். அத்தையின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பு வந்துவிடும் போலிருந்ததும், வாயைப் பொத்திக்கொண்டு அவசரமாக உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அமைப்பையே மாற்றினார். படங்கு உறை தனி, உள்ளே வைக்கிற துணி தனி. உறையை உதறிக் கதவுக்குப் பின்னால் போட்டால் தானே காய்ந்துவிடும். துணி மட்டும் ஸ்டோருக்குப் போகும். நான் ஹட்டனிலிருந்து அமுக்குப் பொத்தான் வாங்கி வாங்கி, கடைக்காரருக்கு என் முகத்தைப் பார்த்தாலே டப்பாவை எடுக்கப் பழகிவிட்டது.

மாமா அடுப்புக்குத் தள்ளி, சுவரோரமாக ஒரு கயிறு கட்டிக்கொண்டார். ஒருநாள் அந்த வழியாக, ஸ்டோருக்கே பொறுப்பான டீமேக்கர் மாத்தயா வந்தார். அவர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கூடவே விறகுக் கணக்குப் பேச வந்த தலைவர் சின்னராசா. வரிசையாகத் தொங்கிய உடுக்கைகளைப் பார்த்து டீமேக்கர் நின்றுவிட்டார்.

"அழகுமுத்து, இது என்ன?"

மாமாவுக்கு வாழ்நாளில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பொய் சொல்லும் பொறுப்பு அத்தையுடையது. அவர் அடுப்பைப் பார்த்தார், விறகைப் பார்த்தார். வெளியே, கோயில் பக்கத்தில் ஒத்திகைக்கு யாரோ தப்படிக்கிற சத்தம் கேட்டது.

"காவடிக்குங்க. தோள்ல வைக்கிறது."

"சாமி சாமானா?" டீமேக்கர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "அப்ப யாரும் சப்பாத்துக் காலோட கிட்டப் போகவேணாம். அந்தப் பக்கம் வெத்தல துப்பவும் கூடாது. சொல்லி வையுங்க."

அன்றிலிருந்து அந்த மூலை கூட்டிப் பெருக்கப்பட்டது. விறகு போடுகிறவர்கள் கயிற்றுக்கு அடியில் குனிந்து போனார்கள். யாரோ ஒரு பக்திமான் சுவரில் விபூதிப் பட்டை இழுத்துவிட்டுப் போயிருந்தான். மாமா வந்து சொன்னதைக் கேட்டு அத்தை நெஞ்சில் கை வைத்தார்.

"எந்தத் துணிக்கு, எந்த எடத்துல விபூதி. ஆத்தா, நீ எதையும் மனசுல வச்சுக்காத. இந்த மனுசனுக்கு வேற பொய்யே கெடைக்கலையா?"

"வாய்ல அதான் வந்துச்சு."

"வந்துச்சுல்ல. அப்ப எடுக்குறீங்க."

"எத?"

"காவடிய. சாமி பேரச் சொன்ன வாயி. சும்மா சொன்னேன்னு சாமிக்கிட்டச் சொல்லுவீங்களா?"

மாமா விரதம் பிடித்தார். கருவாடு போயிற்று. வேலை முடிந்து வரும்போது கூட்டாளிகளோடு போடுகிற கொஞ்சமும் போயிற்று. அத்தை தினமும் அவர் தட்டில் பூசணிக்காயை வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியை நான் கண்ணால் கண்டேன்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் சின்னராசா மனைவி ஜீவராணியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அப்போது இஸ்தோப்பில் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். தலைவர் மெதுவாகப் பேசினாலும் மூன்று காம்பராவுக்குக் கேட்கும்.

"மதினி, அண்ணே காவடி எடுக்குறத ஒரு வார்த்த சொல்லலையே. நானும் இந்த வருசம் எடுக்குறேன். போன தடவ தோள்பட்ட வீங்கி, கையே தூக்க முடியல. அண்ணனுக்குத் தைச்ச மாதிரி எனக்கும் ஒரு தோள்மெத்த தைச்சுக் குடுங்க."

சொல்லிக்கொண்டே, அடுப்புக்கு மேலே அரைகுறையாகக் காய்ந்து கிடந்த ஒன்றை எட்டி இழுத்துத் தன் தோளில் போட்டுப் பார்த்தார்.

"அட, மெத்துன்னு இருக்கு. இதையே எடுத்துக்கிறேனே."

அத்தை பாய்ந்து பிடுங்கினார். "அது ஒங்க அண்ணனுக்கு அளவெடுத்தது."

"தோளுக்கு எதுக்கு மதினி அளவு?"

"அவருக்கு ஒரு தோளு சரிஞ்சு கெடக்கு. வெறகு தூக்கித் தூக்கி. ஒங்களுக்கு வேற தைச்சுத் தாரேன்."

அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார். "மருமகனே, நாளைக்கு ஹட்டன்ல புதுப் பிளனல் வாங்கிட்டு வா. கடையில இருந்து நேரா வரணும், கீழ எங்கயும் வச்சிறாத. வெளையாட்டு வேற, ஆத்தா வேற."

தலைவருக்குத் தெரிந்தால் தோட்டத்துக்கே தெரிந்த மாதிரிதான். காவடி எடுக்கிற எல்லாரும் வரிசையாக வந்தார்கள். அத்தை குளித்து, விளக்கு வைத்து, புதுத் துணியில் எல்லாருக்கும் தைத்துக் கொடுத்தார். ஆனால் அவருக்குக் கைவந்தது ஒரே ஒரு வெட்டுத்தான். நடுவில் ஒடுங்கி இரண்டு பக்கமும் விரிகிற உடுக்கை வெட்டு. பூட்ட அமுக்குப் பொத்தான். அம்மனுக்கு உகந்த வடிவம், யோசித்துத்தான் வெட்டியிருக்கிறார் என்று பூசாரியே பாராட்டினார்.

காவடி நாள் வந்தது. அத்தை கையில் காய்ந்த துணிகள் போதுமான அளவு இருந்தன. ஒன்றை உள்ளே கட்டி, மற்றதைத் தேங்காய்ப் பையில் பழத்துக்கு அடியில் வைத்து, கரை போட்ட சேலையில் கோயில் வாசலுக்கு வந்து நின்றார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று எல்லாரும் கேட்டார்கள். "மாரியாத்தா பாத்துக்கிட்டா," என்றார்.

தப்புச் சத்தம் வளைவைத் தாண்டியது. முதலில் பால்குடம், அதன் பின்னால் காவடிகள். முன்னணியில் தலைவர் சின்னராசா, மஞ்சள் வேட்டி கட்டி, நெஞ்சை நிமிர்த்தி ஆடிக்கொண்டு வந்தார். அவர் தோளில், அக்குளுக்கு அடியில் பொத்தான் பூட்டி, அச்சு அசலான ஒன்று. அவருக்குப் பின்னால் இன்னொருவர், இன்னொரு உடுக்கை. அதற்கும் பின்னால் ஒரு வரிசை. கடைசியில் அழகுமுத்து மாமா, பூசணிக்காயால் மெலிந்த உடம்போடு, ஸ்டோருக்குள் நடக்கிற அதே நடையில், ஆடாமல் அசையாமல் காவடியைச் சுமந்து வந்தார். அத்தையைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

நான் அத்தைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். முதலில் அவர் தோள் குலுங்கியது. உதட்டைக் கடித்தார். சேலைத் தலைப்பை வாயில் திணித்தார். அப்போது பார்த்துத் தலைவர் ஒரு சுற்றுச் சுற்றி ஆட, பொத்தான் ஒன்று டப்பென்று கழன்று, உடுக்கையின் ஒரு பாதி அவர் முதுகில் வால் மாதிரித் தொங்கியது.

அத்தை உடைந்துவிட்டார். சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. அத்தனை நாள் அடைத்து வைத்திருந்த அணை அது. உடம்பு முழுக்க ஆடியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, கொண்டை அவிழ்ந்தது, என்ன சத்தம் என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"ஆத்தா வந்திருச்சு," என்று யாரோ சொன்னார்கள்.

தப்படிப்பவர்கள் அத்தையைச் சூழ்ந்துகொண்டு அடியை வேகமாக்கினார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது, இன்னும் குலுங்கினார். சின்னராசா தொங்குகிற உடுக்கையோடு நேர் எதிரே வந்து கைகூப்பி நின்றார். அதுதான் அவர் செய்திருக்கக் கூடாதது. அத்தைக்கு நிறுத்த வழியே இல்லாமல் போயிற்று.

"சொல்லு தாயி. ஒனக்கு என்னா கொற வச்சோம்? என்னா வேணும், சொல்லு."

"உக்கார," என்றார் அத்தை மூச்சுக்கு நடுவில், "உக்கார எடம்."

"கேட்டீங்களா? ஆத்தாவுக்கு மண்டபம் வேணுமாம்," என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல, பூசாரி வேப்பிலையோடு வந்து, அருள் தணிவதற்காக ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அத்தையின் தலையில் அப்படியே கவிழ்த்தார். உச்சியிலிருந்து பாதம்வரை நனைந்து நின்ற அத்தை, ஒரு கணம் தன்னையே பார்த்துக்கொண்டார். பிறகு அமைதியாக வந்து, கோயில் படியில் உட்கார்ந்தார்.

நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "அத்த, ஒன்னும் பிரச்சின இல்லையே?"

"அவரு ஊத்துறதுக்கு முன்னால ஒரு சொட்டு வெளிய வரல மருமகனே," என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "தையல் அப்பிடி."

மறுநாள் மஞ்சள் நீராட்டில் அவரைப் பிடிக்க முடியவில்லை. கையில் செம்போடு லயம் லயமாகப் போனார். சிரித்துக்கொண்டே போனார். சின்னராசாவை விறகுக் கொட்டிலில் கண்டுபிடித்து, கழுத்து வழியாக ஊற்றினார். நனையாதவர் என்று ஒருவரும் இல்லாத நாளில் யாருக்கு எங்கே நனைந்தது என்று யார் பார்க்கப்போகிறார்கள்.

அதற்கு அடுத்த நாள் வானம் வெளுத்தது. ஆடியில் அபூர்வமான வெயில். லயத்துக் கொடிகள் எல்லாவற்றிலும் மஞ்சள். வேட்டி மஞ்சள், சேலை மஞ்சள், பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகூட மஞ்சள். என்ன துவைத்தாலும் அந்தச் சாயம் ஒரு மாதம் போகாது. அத்தை பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசல் கொடியில், எல்லாருடைய மஞ்சளுக்கும் நடுவில், தன்னுடைய மஞ்சள் உடுக்கைகளை ஒவ்வொன்றாக உதறி, மடிப்புப் பிரித்து, வெயில் உள்ளே ஏறும்படி விரித்துப் போட்டார். போகிற வருகிறவர்கள் பார்த்துவிட்டு, காவடித் துணி என்று கும்பிடாத குறையாகப் போனார்கள்.

வெயில் ஏறிய நேரத்தில் ஜீவராணி வந்தார். சின்னராசாவின் தோள்மெத்தையைத் துவைத்து மடித்துக் கையில் வைத்திருந்தார். அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். கொடியில் தொங்கிய ஒன்றைத் தொட்டு, மடிப்பை விரலால் எண்ணினார். பிறகு என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் கொப்பியில் மும்முரமானேன்.

"அக்கா," என்றார் மெதுவாக. "எனக்கும் ரெண்டு வேணும். தோளுக்கு இல்ல."

அத்தை அவர் முகத்தைப் பார்த்தார்.

"எப்ப இருந்துடி?"

"கடைசிப் பயலுக்குப் பொறகு. மலையில தும்மல் வந்தா உசுரு போகுதுக்கா. அவருக்குக் கூடத் தெரியாது."

"அவருக்குத் தெரியாட்டி நல்லதுதான். தெரிஞ்சா நோட்டன் பிரிட்ஜுக்கே கேக்கும். உள்ள வா, அளவெடுக்கணும். டாக்டரம்மா ஒரு பயிற்சியும் சொல்லியிருக்கா, அதையும் காட்டுறேன்."

கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம் வந்தது. மாமா விரதம் முடிந்த நிம்மதியில், இஸ்தோப்பில் உட்கார்ந்து கருவாட்டுச் சம்பலோடு ரொட்டி தின்றுகொண்டிருந்தார். கதவு கொஞ்சம் திறந்தது. அத்தையின் தலை மட்டும் வெளியே வந்தது.

"ஏங்க. நாளைக்கு மறுபடி மழ புடிச்சிரும். ஸ்டோர்ல இன்னொரு கயிறு கட்டணும். துணி கூடப் போகுது."

மாமா மென்றதை விழுங்கினார். "டீமேக்கர் கேட்டா என்னான்னு சொல்றது? காவடிதான் முடிஞ்சு போச்சே."

"வருசம் பூரா ஏதாச்சும் ஒரு நேர்த்தி இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க," என்று கதவைச் சாத்தப் போன அத்தை, மறுபடி தலையை நீட்டினார். "தீமிதின்னு மட்டும் வாய விட்டுறாதீங்க."